கடைசி இருக்கை வரை

செப்டம்பர் 3, செவ்வாய்

ஒன்பதாம் எண் பேருந்தில் இருக்கைப் பட்டை இரண்டு பிய்ந்து தொங்குகிறது. போன மாதமே எழுதிக் கொடுத்துவிட்டேன். "நாளைக்கே மாத்திடறேன் மேடம்" என்றார் வண்டி முதலாளி. அந்த மனிதரின் நாளைக்கு எந்தக் காலண்டரிலும் கிடையாது. இன்று நேரிலேயே போய் நின்றுவிட்டேன். மெக்கானிக் வந்து புதுப் பட்டையைப் பூட்டும் வரை நகரவில்லை. அரை நாள் போயிற்று, போகட்டும்.

பதினான்கு பள்ளிப் பேருந்துகள், பதினான்கு ஓட்டுநர்கள். வண்டியும் ஆட்களும் முதலாளியுடையவை, பிள்ளைகள் நகர மன்றத்தின் பொறுப்பு. நடுவில் மன்றத்தின் வாகனப் பரிசோதகர் என்று நான். இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம் என்பாள் மகள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் குறையே இல்லை. ஓட்டுநர்களின் சரிபார்ப்புத் தாள்கள். பிரேக், விளக்கு, கதவு, இருக்கை என்று கட்டம் கட்டமாக டிக் போட வேண்டிய தாள். பதினான்கும் திங்கட்கிழமை காலையே என் மேசைக்கு வந்துவிடும், ஒரு கறை இல்லாமல், ஒரு கட்டம் விடுபடாமல். தணிக்கைக்கு வந்தவர்கள் என் கோப்பை மற்ற மன்றங்களுக்குக் காட்டச் சொல்லிவிட்டுப் போனார்கள். கொஞ்சம் தலைக்கனம் எனக்கு. இருக்கட்டுமே.

செப்டம்பர் 6, வெள்ளி

எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

காலை ஒன்பது ஐம்பத்தைந்துக்கு டிப்போவிலிருந்து போன். வண்டி கழுவுகிற அம்மா. "மேடம், ஏழாம் நம்பர்ல ஒரு குழந்தை கிடக்குது." கிடக்குது என்றாள். ஸ்கூட்டரை எப்படி ஓட்டிக்கொண்டு போனேன் என்று நினைவில்லை.

ஆறு வயதுப் பெண். சளி மருந்து குடித்துவிட்டு ஏறியிருக்கிறாள். கடைசி இருக்கையில் படுத்துத் தூங்கிவிட்டாள். மற்ற பிள்ளைகள் பள்ளியில் இறங்கிவிட்டார்கள். பேருந்து டிப்போவுக்குத் திரும்பி எட்டே முக்காலுக்குப் பூட்டப்பட்டது. ஒரு மணி பத்து நிமிடம், ஜன்னலெல்லாம் சாத்தி, வெட்டவெளி வெயிலில். நான் போனபோது சட்டை முழுக்க வாந்தி, தலைமுடி நனைந்து ஒட்டியிருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

உயிரோடு இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள். இரண்டு தடவை எழுதிக்கொள்கிறேன்.

ஓட்டியவர் ஆமை அண்ணன். இருபத்திரண்டு வருடமாக வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர். மஞ்சள் விளக்கைத் தூரத்தில் கண்டாலே நின்றுவிடுவார், அதனால் டிப்போவில் அந்தப் பெயர். வேறு யாராவது என்றால் நன்றாகத் திட்டித் தீர்த்திருப்பேன். இவரை எப்படித் திட்டுவது? டயர் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார்.

மாலையில் ஏழாம் எண்ணின் தாளை எடுத்தேன். "கடைசி இருக்கை வரை நடந்து பார்த்தேன்" என்று ஒரு வரி உண்டு. வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் டிக் இருக்கிறது. திங்கட்கிழமை போட்ட டிக். கீழே பரிசோதகர் கையெழுத்து. அது என்னுடையது.

செப்டம்பர் 7, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தை உட்கார்ந்து பிஸ்கட் தின்கிறாள். இன்னும் ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவார்களாம்.

அவள் அம்மா மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"மன்னிப்பை வச்சு நான் என்ன பண்றது? திங்கக்கிழமை அந்த வண்டியில என்ன மாறியிருக்கும்? அதைச் சொல்லுங்க."

வாங்கிப் போயிருந்த ஆப்பிளை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ஆப்பிள்! என்ன பிறவி நான்.

செப்டம்பர் 9, திங்கள்

திங்கட்கிழமை என்ன மாறியது? ஒன்றுமில்லை. காலை ஆறரைக்கு ஓட்டுநர்கள் வழக்கம்போல வந்து என் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்து, வழக்கம்போல வெள்ளி வரைக்கும் மளமளவென்று டிக் போட்டார்கள். பேனா ஒன்றுதான், கை மாறிக் கை மாறிப் போயிற்று.

எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. தாள்களைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டேன். "வெள்ளிக்கிழமை பாக்கப் போறதை இன்னைக்கே எழுதறீங்களே, ஜோசியம் படிச்சிருக்கீங்களா எல்லாரும்?"

பதினோராம் எண்ணை ஓட்டுகிறவன் எழுந்தான். அவனை வெடி என்பார்கள். வாயைத் திறந்தால் டிப்போ அதிரும். "அக்கா, இப்படி எழுதணும்னு நாங்களா ஆரம்பிச்சோம்?"

"பின்னே யாரு? சொல்லு, யாரு?"

மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். யாரும் நிமிரவில்லை. "விடுங்கக்கா" என்று உட்கார்ந்துவிட்டான்.

திமிர்.

செப்டம்பர் 10, செவ்வாய்

வெடி வாயை மூடிக்கொண்டான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது.

செப்டம்பர் 11, புதன்

கிடைத்துவிட்டது. பழைய கோப்பில், மூன்று வருடத்துக்கு முந்தைய மழை மாதத்துச் சுற்றறிக்கை. அந்த மாதம் தாள்கள் எல்லாம் நனைந்து, எண்ணெய்க் கை பட்டு, படிக்க முடியாமல் வந்தன. தணிக்கையில் குறை எழுதினார்கள். எனக்கு அவமானமாகிவிட்டது. இனிமேல் திங்கட்கிழமை காலையில் எல்லோரும் என் அலுவலகத்தில் உட்கார்ந்து வாரத் தாளை நிரப்பி, அங்கேயே ஒப்படைத்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு, நானே சுவரில் ஒட்டினேன்.

வெள்ளி வரைக்கும் டிக் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். முதல் வாரமே பார்த்தேன். தாள் சுத்தமாக இருந்தது, சந்தோஷப்பட்டேன். அவ்வளவுதான் நடந்தது. மூன்று வருடம், வாரத்துக்குப் பதினான்கு தாள். ஒரு பேருந்தின் கடைசி இருக்கையைக்கூட யாரும் பார்க்க வேண்டிய அவசியமில்லாமல் நானே செய்து வைத்திருக்கிறேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் பார்வையைச் சரி பண்ணுகிறவர், தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்.

"அந்தக் காகிதம் எங்க இருக்குன்னு வேற யாருக்காவது தெரியுமா?"

"எனக்குத் தெரியுமே."

"அதைக் கேக்கல. வேற யாருக்காவது?"

"டிரைவருங்க பதினாலு பேருக்கும் தெரியும். தெரிஞ்சும் யாரும் சொல்லல. அதுதாங்க தாங்கல."

நான் சாப்பிடாமல் எழுந்தபோது தட்டை மூடி வைத்தார்.

செப்டம்பர் 13, வெள்ளி

மன்றச் செயலாளர் அறையில் கூட்டம். கூட்டம் என்ன கூட்டம், மூன்றே பேர். செயலாளர், வண்டி முதலாளி, நான்.

முதலாளி வரும்போதே கையை விரித்துக்கொண்டு வந்தார். "அந்த ஆளை வேலைய விட்டுத் தூக்கிட்டேன் சார். திங்கக்கிழமையிலேருந்து புது ஆளு."

"அப்ப முடிஞ்சுதே" என்றார் செயலாளர்.

முடியவில்லை என்றேன். ஆளை மாற்றினால் போதாது, முறையை மாற்ற வேண்டும், இருபத்தாறாம் தேதி மன்றக் கூட்டத்தில் இதை வைக்க வேண்டும், அதுவரைக்கும் யாரையும் வேலையைவிட்டு எடுக்கக் கூடாது என்றேன். முதலாளி முகம் சுருங்கியது. அதுவரைக்கும் ஆமை அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கட்டும், ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று ஒரு பஞ்சாயத்து ஆயிற்று.

முதலாளி போனதும் செயலாளர் குரலைத் தணித்தார். "அடுத்த மாசம் பிரிவுத் தலைவர் பதவி உங்களுக்குத்தான்னு பேசியாச்சு. இந்த நேரத்துல இதைப் போய்க் கிளறணுமா? குழந்தை நல்லாத்தானே இருக்கு?"

சுற்றறிக்கையின் நகல் என் கைப்பையில் இருந்தது. எடுத்து மேசையில் வைப்பதற்குத்தான் கொண்டுபோனேன். எடுக்கவில்லை. பயந்துவிட்டேன். இதையாவது ஒளிக்காமல் எழுதி வைக்கிறேன்: பயந்துவிட்டேன்.

செப்டம்பர் 16, திங்கள்

பயத்துக்கு மருந்து வேலைதான். இன்று தாளை நம்பாமல் பதினான்கு வண்டிகளிலும் நானே ஏறி, நானே நடந்து, எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்த்தேன். மாலையில் முழங்கால் இரண்டும் பேசுகின்றன.

எல்லாப் பேருந்திலும் பின்பக்கம் ஒரு அவசரக் கதவு உண்டு. "அவசரக் கதவு திறக்கிறது" என்று பதினான்கு தாளிலும் டிக் உண்டு. திறந்தது ஒன்பது. இரண்டு துருப்பிடித்து இறுகிவிட்டன, ஏழாம் எண்ணும் அதில் ஒன்று. ஒன்றில் கைப்பிடியே இல்லை. மீதி இரண்டில் கதவை மறித்து இருக்கை போட்டு போல்ட் அடித்திருக்கிறார் முதலாளி. இரண்டு பிள்ளைகள் கூட உட்காரலாமாம். வண்டியில் தீப்பிடித்தால் அந்த இரண்டு பிள்ளைகளும் மற்ற நாற்பது பேரும் எங்கே போவார்கள் என்று கேட்டேன். "எங்க மேடம் தீப்பிடிக்கப் போகுது" என்கிறார்.

ஐந்து வண்டிகளையும் நாளையிலிருந்து ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு அந்த அதிகாரம் பதினோரு வருடமாக இருக்கிறது. இன்றைக்குத்தான் எடுத்துப் பார்த்தேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

காலையிலிருந்து போன், போன், போன். ஐந்து வண்டி வராததால் பெற்றோர்களே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, வீட்டிலிருந்து பள்ளி வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே நடந்திருக்கிறார்கள். திட்டட்டும். பிள்ளைகளோடு பேசிக்கொண்டே போன மாதிரியும் ஆயிற்று.

செப்டம்பர் 18, புதன்

இரண்டு வண்டியின் கதவைச் சரி செய்து கொண்டுவந்துவிட்டார் முதலாளி. நாளைக்கே, நாளைக்கே என்கிற வாய் இப்போது அன்றைக்கே செய்கிறது.

மாலையில் ஒர்க்‌ஷாப் போனேன். ஆமை அண்ணன் தரையில் உட்கார்ந்து டயர் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். நானும் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

"நான் பாக்காம இறங்கல மேடம். தினமும் பாப்பேன். கண்ணாடியில பாப்பேன். அன்னைக்கும் பாத்தேன், எல்லா சீட்டும் காலியாத்தான் தெரிஞ்சுது."

கண்ணாடியில்! முன்னால் இருக்கிற சிறிய கண்ணாடியில் நாற்பது இருக்கையின் முதுகுதான் தெரியும். ஆறு வயதுப் பிள்ளை படுத்திருந்தால் எப்படித் தெரியும்? நடந்து போய்ப் பாருங்கள் என்று தாள் சொல்கிறது. அந்தத் தாளைத் திங்கட்கிழமையே பூர்த்தி செய் என்று நான் சொன்னேன்.

சுற்றறிக்கையைப் பற்றி அவரிடம் கேட்டேன். "நீங்க ஏன் அதைச் சொல்லலை? உங்க வேலை போகப் போகுதே அண்ணே."

"காகிதம் உங்களோடது மேடம். குழந்தையப் பூட்டினது என் கைதானே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெட்ரோல் நெடி என்று சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். இனி எப்படி மாற்றலாம், என்ன எழுதினால் எல்லோரும் கடைசி வரைக்கும் நடப்பார்கள் என்று கேட்டேன்.

"எழுதினா எவனும் நடக்க மாட்டான், நானும்தான். எறங்கற வழிய மாத்துங்க. டிப்போவுக்கு வந்ததும் முன்கதவை உள்ளேருந்து கொக்கி போட்டுடணும். டிரைவர் பின்கதவு வழியாத்தான் எறங்கணும். வேற வழி இல்லேன்னா நடந்துதானே ஆகணும்?"

கதவும் தினம் திறக்கும், துருப்பிடிக்காது. வண்டி முழுக்க ஒரு தடவை நடந்தும் ஆயிற்று. பத்து பக்கத் திட்டம் எழுதிக்கொண்டிருந்த நான் ஒரு முட்டாள்.

செப்டம்பர் 20, வெள்ளி

பின்கதவு முறை நான்கிலும் பதினொன்றிலும் சோதனைக்குத் தொடங்கியது. நான்கை ஓட்டுகிறவர் முணுமுணுக்காமல் இறங்குகிறார். வெடிதான், "என்னக்கா, திருடன் மாதிரி பின்பக்கமா எறங்க வைக்கறீங்க" என்று டிப்போ முழுக்கக் கேட்கும்படி கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் விடவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

இன்று காவலாளி சொன்னார்: வெடி முன்கதவு வழியாகவே இறங்கி, வண்டியைச் சுற்றிப் பின்னால் போய், பின்கதவை வெளியிலிருந்து திறந்து படாரென்று சாத்துகிறானாம். சத்தம் கேட்டால் போதுமாம்.

பின்பக்கம் நடந்து போகிற அதே தூரம்தானே அது! வெளியே நடப்பதற்குப் பதில் உள்ளே நடந்தால் என்ன தேய்ந்து போய்விடும்? மனிதனுக்கு ஏமாற்றுவதில் ஒரு தனி ருசி. எனக்குத் தெரியும், மூன்று வருடம் சுத்தமான தாள்களை வைத்து ருசித்தவள் நான்.

இவனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. வேறு யோசனை இருக்கிறது.

செப்டம்பர் 24, செவ்வாய்

செய்துவிட்டேன்.

ஸ்கூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு, காலையில் பள்ளி வாசலுக்கு நடந்து போனேன். பிள்ளைகள் இறங்கி முடித்ததும் வெடி பள்ளிக் காவலாளியோடு அரட்டையடித்துக்கொண்டிருந்தான். நான் ஏறிப் போய்க் கடைசி இருக்கையில் படுத்துக்கொண்டேன். நாற்பத்தெட்டு வயது, இந்த உடம்பு, பிள்ளைகள் உட்காரும் இருக்கை. ஒரு காலை மடக்கி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. பார்த்திருந்தால் மகள் ஆயுள் முழுக்கச் சிரித்திருப்பாள்.

டிப்போ வந்தது. என் ஸ்கூட்டர் இல்லை என்று பார்த்திருப்பான். பின்கதவைப் படாரென்று சாத்துகிற நாடகம்கூட இல்லாமல், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே முன்கதவைப் பூட்டிவிட்டுப் போனான்.

குழந்தை இருந்த அளவு, ஒரு மணி பத்து நிமிடம், நானும் இருப்பது என்று நினைத்திருந்தேன். ஐந்தாவது நிமிடத்தில் முதுகு நனைந்தது. பத்தாவது நிமிடத்தில் இருக்கையின் ரெக்ஸின் கன்னத்தில் ஒட்டியது. காற்றில் பழைய செருப்பு நாற்றம். வெளியே ஆட்கள் பேசுவது கேட்கிறது, வண்டி கழுவும் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது, ஒருவருக்கும் நான் இங்கே இருப்பது தெரியாது. பின்கதவின் கைப்பிடி எனக்குக் கை நீட்டினால் எட்டும். திறந்தால் திறக்கும், நானே எண்ணெய் போட வைத்த கதவு. எனக்கு அது தெரியும். அவளுக்குக் கைப்பிடி எட்டாது. எட்டியிருந்தாலும் திறந்திருக்காது. எழுந்து பார்த்து, யாரும் இல்லை என்று தெரிந்து, அம்மா என்று கூப்பிட்டிருப்பாள். எத்தனை தடவை கூப்பிட்டாளோ!

இருபத்திரண்டாவது நிமிடம் என்னால் முடியவில்லை. போனை எடுத்தேன்.

"எங்கடா இருக்கே?"

"டீக்கடையிலக்கா."

"பின்கதவு வழியாத்தானே எறங்கினே?"

"அதெல்லாம் கரெக்டா எறங்கிட்டேன்கா. நீங்க சொல்லி மீறுவேனா?"

"உன் வண்டியிலதான்டா இருக்கேன். கடைசி சீட்டுல."

ஓடி வருகிற சத்தம்தான் கேட்டது. கதவைத் திறந்து உள்ளே வந்தவன் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். முடி நெற்றியில் ஒட்டி, முகமெல்லாம் சிவந்து, எழுந்து நிற்க முடியாமல் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏதோ கேலி பேசுவான் என்று நினைத்தேன். தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "எனக்கும் ரெண்டு பொண்ணுங்கக்கா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

செப்டம்பர் 25, புதன்

நாளைக்கு மன்றக் கூட்டம். சுற்றறிக்கையைக் கைப்பையில் வைக்கவில்லை. முப்பது பிரதி எடுத்து, திட்ட அறிக்கையின் முதல் பக்கமாகவே சேர்த்துத் தைத்துவிட்டேன். இனி பயந்தாலும் ஒளிக்க முடியாது.

செப்டம்பர் 26, வியாழன்

பொதுமக்கள் பெஞ்சில் குழந்தையின் அம்மா உட்கார்ந்திருந்தார், மருந்துக் கடைச் சீருடையோடு. நான் அவர் பக்கம் பார்க்கவில்லை.

செயலாளர் முதல் பக்கத்தைப் புரட்டினார். முகத்தில் ரத்தமே இல்லை. நான் எழுந்து முழுவதையும் சொன்னேன். மழை, கறை, சுற்றறிக்கை, மூன்று வருட டிக், என் கையெழுத்து, கண்ணாடி, ஐந்து கதவுகள். இது ஏழாம் எண் ஓட்டுநர் ஒருவரின் தவறு இல்லை, பதினான்கு வண்டியிலும் இதேதான் நடந்தது, மற்ற பதின்மூன்றிலும் அன்றைக்குப் பிள்ளைகள் தூங்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன்.

மன்றத் தலைவர், "ஓட்டுநர் மேல் நடவடிக்கை எடுத்தாயிற்று, பரிசோதகர் மேலும் எடுப்போம், அதோடு போதுமே, எல்லா வண்டிக்கும் இதெல்லாம் தேவையா" என்கிற மாதிரி இழுத்தார்.

குழந்தையின் அம்மா எழுந்தார். அனுமதி கேட்கவில்லை. "புதுசா வர்ற டிரைவரும் அதே கண்ணாடியிலதானே பாக்கப் போறாரு?"

பிறகு ஓட்டெடுப்பு. பின்கதவு முறை பதினான்கு வண்டிக்கும். தாள் அன்றன்றைக்கு, வண்டி நிற்கிற இடத்திலேயே நிரப்ப வேண்டும். அவசரக் கதவை மறித்து இருக்கை போட்டால் ஒப்பந்தம் ரத்து. எதிர்ப்பு மூன்றே பேர்.

வெளியே வரும்போது அந்த அம்மா என்னைக் கடந்து போனார். மன்னிக்கவில்லை. ஏன் மன்னிக்க வேண்டும்?

செப்டம்பர் 30, திங்கள்

எழுத்து மூலம் கண்டனம் வந்துவிட்டது. பதவி உயர்வு வேறொருவருக்கு. "அந்தம்மாவே கோப்பைக் கொண்டுபோய்க் காட்டி மாட்டிக்கிட்டாங்க" என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்களாம். மகள் கண்டனக் கடிதத்தை வாங்கி மேலிருந்து கீழ் வரைக்கும் படித்தாள். "ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக்கூட இல்லம்மா, நல்லா எழுதியிருக்காங்க" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் அழுதேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

வருத்தம் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வேலையில் இருக்கிறேன், பேருந்துகளும் என்னிடம்தான் இருக்கின்றன.

அக்டோபர் 9, புதன்

தாள்கள் வர ஆரம்பித்துவிட்டன. ஒன்றில் டீ, ஒன்றில் கிரீஸ், ஒன்று மழையில் ஊறி அப்பளம் மாதிரி. ஒவ்வொன்றையும் பிரித்துக் காயப் போட்டுப் படிக்கிறேன். மூன்றாம் எண்ணில் பின்விளக்கு எரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று வருடத்தில் முதன்முறையாக ஒரு தாள் "இல்லை" என்று சொல்கிறது.

அக்டோபர் 23, புதன்

ஆமை அண்ணன் மீதான விசாரணை முடிந்தது. எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். மறுபடி ஓட்டலாம். ஆனால் எந்த வண்டியில் போடுவது என்று கேட்டால் முதலாளி விட்டத்தைப் பார்க்கிறார், செயலாளர் காகிதத்தைப் பார்க்கிறார். ஓட்டுநரை வண்டிக்கு நியமிக்கும் தாளில் பரிசோதகர் கையெழுத்தும் வேண்டும். "உங்களுக்குச் சம்மதம்னா போடுங்க மேடம்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நான் அவரிடமே கேட்டேன். "இப்ப வேணாம் மேடம். கை வரல" என்றார். இன்னும் டயர்தான் துடைக்கிறார்.

நவம்பர் 14, வியாழன்

இன்று மாலை ஐந்தரை மணிக்கு வெடி என் அலுவலகத்துக்கு வந்தான். சத்தமே இல்லை. வாசலில் நின்றான். "அக்கா, ஒரு நிமிஷம் உக்காந்துக்கட்டுமா?"

நாற்காலியைத் தள்ளினேன். உட்கார்ந்தான். கையை முழங்காலுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டான்.

மாலை நடை முடிந்து, பிள்ளைகள் எல்லோரும் அவரவர் நிறுத்தத்தில் இறங்கி, டிப்போவுக்கு வந்து முன்கதவுக்குக் கொக்கி போட்டிருக்கிறான். பின்பக்கம் நடந்திருக்கிறான். கடைசி இருக்கைக்குக் கீழே, பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, நான்கு வயதுப் பையன். பாலர் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவன். நல்ல தூக்கம்.

"எழுப்பினேன்கா. என்னைப் பாத்து, வீடு வந்துடுச்சான்னு கேட்டான்."

தோளில் போட்டுக்கொண்டு, அதே வண்டியில் கொண்டுபோய், வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். நிறுத்தத்தில் காத்திருந்த அப்பா, பிள்ளை இறங்கவில்லை என்று பள்ளிக்கு ஓடியிருக்கிறார். அவருக்குப் போன் செய்து, அவர் வரும் வரைக்கும் பக்கத்து வீட்டு அம்மாவோடு வாசலில் நின்றிருக்கிறான். எல்லாம் கால் மணி நேரம்.

"நான் நடக்கலேன்னா, காலையிலதானேக்கா வண்டியத் தொறந்திருப்போம்."

நான் அவன் தலையைத் தொட்டேன். அவ்வளவு பெரிய ஆள், குழந்தை மாதிரி விசும்பினான். என் கண்ணும் சும்மா இருக்கவில்லை. அன்றைய தாளை எடுத்துக் கொடுத்தேன். நடந்ததை அவன் கையாலேயே எழுதினான், நேரம், இடம், பிள்ளையின் வகுப்பு எல்லாம்.

"நாளைக்கு லீவு குடுங்கக்கா. என் பொண்ணுங்களோட இருக்கணும் போல இருக்கு."

எடுத்துக்கொள் என்றேன். அவன் போன பிறகுதான் உறைத்தது, நாளைக்குப் பதினொன்றை ஓட்ட ஆள் இல்லை.

நியமனத் தாளோடும் பதினொன்றின் சாவியோடும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். விஷயம் அங்கே ஏற்கெனவே வந்திருந்தது. ஆமை அண்ணன் எழுந்து நின்றுகொண்டிருந்தார், கையைத் துணியில் துடைத்துக்கொண்டு. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"பையன் நல்லா இருக்கானா மேடம்?"

"நல்லா இருக்கான். வீட்டுக்குப் போயிட்டான்."

தலையை ஆட்டினார். நிறைய நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சாவிக்குக் கை நீட்டினார்.

"காலையில எத்தனை மணிக்கு மேடம் முதல் நிறுத்தம்?"

ஏழு பத்து என்றேன். அங்கேயே டயர் மேல் தாளை வைத்து, ஓட்டுநர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.